இரத்தக்கண்ணீர்: நோய்க்குத் தண்டனை என்று பெயரிடலாமா?

நம் கொள்கைக்கு மாறான புராணப் படம் ஒன்று வெளிவந்தால் அதன் குற்றங்களை எடுத்துக் காட்டுவது சீர்திருத்தக்காரருக்கு எளிய வேலை. பேனாவைக் கையில் எடுத்த மாத்திரத்தில் சொற்கள் தாமாகவே வந்து விழும். ஆனால், நம் கொள்கையைப் பரப்புவதற்கென்றே பிறந்த ஒரு நாடகத்தில், நம்மவர் எழுதி நம்மவர் நடித்த ஒரு படத்தில், பெருங்குறை ஒன்று இருக்கக் கண்டால் என் செய்வது? “நம்முடையதை நாமே குறை கூறலாமா? எதிரிகள் கைகொட்டிச் சிரிப்பார்களே!” என்று நண்பர் சிலர் தடுப்பர். அவர்கட்கு நாம் கூறும் விடை ஒன்றே: பிறர் நூலை அளக்க எந்த அளவுகோலை எடுத்தோமோ, அதையே நம் நூலின்மேலும் வைத்துப் பார்ப்பதுதான் பகுத்தறிவுக்கு அழகு. அவ்வெண்ணத்துடனேயே ‘இரத்தக்கண்ணீர்’ படத்தை இங்கு ஆராயப் புகுகின்றோம்.

நம் நாட்டில் வயது முதிர்ந்த தமிழருள் அப்படத்தை அறியாதார் அரியர். இளைஞர் பலர் முழுப் படத்தையும் பாராதிருக்கலாம். ஆயினும், எம். ஆர். இராதாவின் அந்தக் கரகரத்த குரலை, கைப்பேசியில் வரும் துண்டுக் காட்சிகளின் வழியாகவேனும் அவர்கள் கேட்டிருப்பர். எழுபது ஆண்டுகள் கழிந்தும் ஒரு நடிகரின் குரல் இவ்வாறு நின்று ஒலிக்கின்றதென்றால், அப்படம் செய்த நன்மையும் நம்மிடையே நின்றிருக்கும்; அது செய்த தீமையும் நின்றிருக்கும். இரண்டையும் பிரித்தறிய வேண்டுவது நம் கடமை.

நாடகமும் படமும்

‘இரத்தக்கண்ணீர்’ முதலில் மேடை நாடகம். அதனை எழுதியவர் திராவிடர் கழகச் சொற்பொழிவாளராகிய தோழர் திருவாரூர் கே. தங்கராசு. 1940-களின் பிற்பகுதியிலிருந்து இராதா அதனைத் தம் குழுவினருடன் தமிழகத்தின் ஊர்தோறும் நடத்தி வந்தார். பின்னர், நேஷனல் பிக்சர்ஸ் பெருமாள் அதனைப் படமாக்க முன்வந்தார். இயக்கியவர்கள் கிருஷ்ணனும் பஞ்சுவும். 1954-ம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் படம் வெளிவந்தது. இதே பெருமாளும் இதே இயக்குநர்களும்தாம் ஈராண்டுகளுக்கு முன்னர், பாவலர் பாலசுந்தரத்தின் நாடகத்தைத் தழுவிய ‘பராசக்தி’யையும் மக்களுக்கு அளித்தவர்கள். அப்படத்தில் நடித்த எஸ். எஸ். இராஜேந்திரனும் ஸ்ரீரஞ்சனியும் இதிலும் நடித்துள்ளனர்.

கதையைச் சுருங்கக் கூறுவோம். மோகனசுந்தரம் செல்வக் குடியிற் பிறந்தவன். வெளிநாடு சென்று படித்துத் திரும்பியவன். தாய்மொழி அவனுக்குக் கசக்கின்றது. தாய்நாட்டார் அவன் கண்ணுக்கு மனிதராகத் தெரிவதில்லை. தாயின் விருப்பத்திற்காகச் சந்திரா என்னும் நற்குணப் பெண்ணை மணக்கின்றான். மணந்த நாளிலிருந்தே அவளை இகழ்கின்றான். காந்தா என்னும் பரத்தையின் வீடே அவனுக்கு வீடாகின்றது. பெற்ற தாய் இறந்த துயரினும் காந்தாவின் பிறந்தநாள் விழாவே அவனுக்குப் பெரிதாகின்றது. சொத்து கரைகின்றது. பின்னர் தொழுநோய் பற்றுகின்றது. காந்தா அவனைத் துரத்துகின்றாள். வீதியில் பிச்சையெடுத்துத் திரிந்து, தன் மனைவியின் வாயிலிலேயே, அவள் தன்னை இன்னாரென்று அறியாத நிலையில் சென்று நிற்கின்றான். முடிவில், தொண்டுள்ளம் படைத்த தன் நண்பன் பாலு சந்திராவை மணந்துகொள்ள வேண்டுமென்று கேட்டுக் கொள்கின்றான். தன்னைப் போல் எவனும் கெடாதிருக்கும் பொருட்டு, தன் உருவத்தைச் சிலையாக வடித்து நாட்டார் காண நிறுத்தும்படியும் வேண்டுகின்றான்.

நடிப்பின் பெருமை

இப்படத்தின் உயிர் இராதாவே என்பதில் இருவேறு கருத்துக்கு இடமில்லை. மோகனாக நடித்த காலத்தில் அவர் இளைஞரல்லர், நாற்பத்தேழு வயதினர். ஜெகந்நாத ஐயர் குழு முதலிய பழைய நாடகக் குழுக்களில் சிறு பிராயந்தொட்டு உழைத்து உருவானவர். அம்மேடைகளில் ஒலிபெருக்கி இல்லாக் காலத்தில் கடைசிப் பலகையில் அமர்ந்திருப்பவன் காதுக்கும் சொல் சென்று சேர வேண்டும். அப்பயிற்சியே அவருடைய குரலுக்கு ஈரிழைகளை அளித்திருக்கின்றது. ஒரே வாக்கியத்தை அடித்தொண்டையில் தொடங்கி, கீச்சுக் குரலில் முடிப்பார். செல்வனாக இருக்கும்போது அக்கீச்சுக் குரல் ஆணவத்தைக் காட்டும். நோயாளியானபின் அதே குரல் அழுகையும் ஏளனமும் கலந்த வேறொன்றாகி விடும்.

மேடையிலிருந்து வந்த படம் என்பதை இயக்குநர்கள் மறைக்க முயன்றாரல்லர். காட்சிகள் நீண்டு நிற்கின்றன. பாத்திரங்கள் நின்றபடியே பேசுகின்றனர். இராதா பேசும்போது எதிரில் நிற்பவரை நோக்கிப் பேசுவதை விட நம்மை நோக்கிப் பேசுவதே மிகுதி. இதனைக் குறையென்பாருமுளர். நாம் அவ்வாறு கருதவில்லை. படத்தின் பிற்பகுதியில், சி. எஸ். ஜெயராமன் பாடும் பாட்டினிடையே, அடி முடியும் இடங்களிலெல்லாம் இராதா குறுக்கிட்டுப் பேசும் காட்சியொன்று உண்டு. பாட்டு அவன் குற்றத்தை எடுத்துரைக்கின்றது. அவனோ தன் பழைய செல்வ வாழ்வை எண்ணி எண்ணி அதற்கு மறுமொழி கூறுகின்றான். பாட்டும் பேச்சும் ஒன்றையொன்று வழக்காடும் இவ்வமைப்பு தெருக்கூத்திலும் பழைய மேடையிலும் விளைந்த செல்வம். அதனைத் திரைக்குக் கொணர்ந்தமைக்கு நன்றி கூற வேண்டும்.

இன்னொரு நுட்பமும் காணத் தகும். மோகன் உடல்நலத்துடன் இருந்தபோது உண்மை பேசியதே இல்லை. நோயுற்றுத் தெருவுக்கு வந்த பின்னரே அவன் வாயில் உண்மை பிறக்கின்றது. பணக்காரர் பெருமையையும், பக்தியின் பெயரால் நடக்கும் புரட்டையும், ஏழைக்கு இரங்காத சமுதாயத்தையும் அவன் பிச்சைக்காரனாக இருந்துகொண்டு சிரித்துச் சிரித்துச் சாடுகின்றான். கொட்டகையில் எழுந்த கைதட்டல் பெரும்பாலும் இச்சொற்களுக்கே. இரக்கத்தை வேண்டி நிற்க வேண்டிய ஒருவன் நம்மைச் சிரிக்க வைத்துக்கொண்டே சுடுகின்றான். இத்துணை துணிவான நடிப்பு தமிழ்த் திரையில் அரிது.

ஆகவே, நாம் கூறப் போகும் குறை நடிப்பின் குறையன்று. கதையை எழுதியோரின் நல்லெண்ணத்தின்மேல் ஐயுற்றுக் கூறுவதுமன்று.

தோட்டத்தில் ஒரு பெரியவர்

இக்குறையை நாம் நூலிலிருந்து கற்றோமல்லோம். 1960-களில், நாம் பிறந்து வளர்ந்த தோட்டத்தில் திடலில் வெண்துணி கட்டிப் படம் காட்டுவர். ஒரு சம்பள வாரத்து இரவில் ‘இரத்தக்கண்ணீர்’ காட்டினர். பெற்றோர் பாயில் அமர்ந்து கண்ணீர் விட்டனர். சிறுவராகிய நாங்கள் மறுநாள் முதல் மோகனசுந்தரத்தைப் போலப் பேசத் தொடங்கினோம்.

அத்தோட்டத்தில் கடைசி லயத்தின் கோடியில் ஒரு பெரியவர் இருந்தார். பால்மரக் காட்டில் பல ஆண்டுகள் உழைத்தவர். இடையில் நோய்ப்பட்டுச் சுங்கை பூலோவுக்கு அனுப்பப்பட்டு, குணமாகி, அதற்குரிய சான்றுடன் திரும்பி வந்தவர். நோய் நீங்கினாலும் அது மடக்கிவிட்டுப் போன விரல்கள் நிமிரவில்லை. கடையில் அவருக்குத் தேநீர் கொடுப்பது தனியாக வைத்திருந்த ஒரு பால்டின்னில். அவர் நீட்டும் காசைக் கடைக்காரர் ஒரு காகிதத்தில் வாங்குவார். படம் காட்டிய மறுநாள் மாலை அவர் அவ்வழியே வந்தபோது, சிறுவர் கூட்டம் ஒன்று காந்தாவை அழைக்கும் அந்த இழுவைக் குரலை எழுப்பிச் சிரித்தது. அவர் நின்றார், எங்களைப் பார்த்தார், ஒரு சொல்லும் பேசாமல் போய்விட்டார். அதன்பின் பகல் வெளிச்சத்தில் அவர் கடைப்பக்கம் வந்து நாம் கண்டதில்லை.

அக்கூட்டத்தில் இதை எழுதுபவனும் ஒருவன். எங்களுக்கு அதை எவரும் கற்பிக்கவில்லை, படமே கற்பித்தது. அவர் எந்தத் தாயை இகழ்ந்தார்? எந்த மனைவியைத் துரத்தினார்? அவரைப் பற்றி எங்களுக்கு ஒன்றுமே தெரியாது. ஆயினும், இந்நோய் வந்தவன் ஏதோ செய்திருக்கத்தான் வேண்டும் என்று ஒரே இரவில் நாங்கள் முடிவு கட்டிவிட்டோம். பெரியவர்களும் அவ்வாறே முடிவு கட்டினர். “செய்த பாவம் சும்மா விடுமா?” என்று ஒருவர் கூற, பாயில் இருந்த பலரும் தலையசைத்ததை நாம் மறக்கவில்லை.

பாவம் என்னும் அச்சொல் சுயமரியாதைக்காரர் எழுதிய நாடகத்தைப் பார்த்தவர் வாயில் எப்படி வந்தது என்பதே நம் கேள்வி.

முருகன் நீங்கினான்; சாபம் நீங்கவில்லை

இதற்கு விடை காண வேண்டுமாயின், இக்கதையின் பழைய உருவம் ஒன்றை நினைவுகூர வேண்டும். தைப்பூசத்தின்போது திருப்புகழ் பாடக் கேட்டு வளர்ந்த நம் நாட்டுத் தமிழர்க்கு அருணகிரிநாதரின் கதை புதிதன்று. அவர் இளமையில் பரத்தையர் வீடே கதியெனக் கிடந்தார், பொருளெல்லாம் இழந்தார், தொழுநோய் பற்றியது, வாழ்வை வெறுத்துத் திருவண்ணாமலைக் கோபுரத்தின் மீதேறிக் குதித்தார், முருகன் தோன்றித் தாங்கிக் காத்தான் என்பது செவிவழிக் கதை. அவருடைய உண்மை வரலாறு யாதாயினும், மக்கள் நம்பி வந்த கதை இதுவே.

இதனை மோகனசுந்தரத்தின் கதையோடு ஒட்டி வைத்துப் பாருங்கள். பரத்தை, பொருளிழப்பு, தொழுநோய், தெரு என்னும் படிகள் நான்கும் வரிசை பிறழாமல் அப்படியே இருக்கின்றன. வேறுபாடு ஈற்றில் மட்டுமே. பழங்கதையில் முருகன் வந்து காக்கின்றான். புதுக்கதையில் எவரும் வருவதில்லை. பகுத்தறிவாளர் கதையாதலின் முருகன் வரக்கூடாது என்பதை நாமும் ஒப்புக்கொள்கின்றோம். ஆனால், முருகனை நீக்கியவர்கள் அவனுக்கு முன்னே வந்த சாபத்தையும் சேர்த்தல்லவா நீக்கியிருக்க வேண்டும்? ஒழுக்கம் தவறியவனைத் தேடி வந்து நோய் பற்றும் என்பது எந்த அறிவின்பாற்பட்டது? கண்ணன் தன் மகன் சாம்பனுக்குச் சாபமிட்டுத் தொழுநோய் வரச் செய்தான் என்று கூறும் புராணத்தை நாம் மேடைதோறும் எள்ளி நகையாடினோம். அங்கே சாபமிட ஒரு கடவுளாவது இருந்தான். இங்கே சாபமிடுபவனும் இல்லை. சாபம் மட்டும் தவறாமல் பலிக்கின்றது.

வினைப்பயன் என்னும் கொள்கையைச் சீர்திருத்த இயக்கம் எதிர்த்ததன் காரணம் யாது? பறையன் பறையனாகப் பிறந்தது முற்பிறப்பின் வினை. விதவை விதவையானது அவள் செய்த பாவம். கூலி கூலியாக இருப்பது அவன் தலையெழுத்து என்று கூறி, துன்பப்படுவோரையே குற்றவாளிகளாக்கிய கொள்கை அது. துன்பத்தைக் கண்டால் அதன் காரணத்தை ஆராய வேண்டும். துன்பப்படுவோன் குணத்தை ஆராயலாகாது என்பதுதான் நம் இயக்கத்தின் அரிச்சுவடி. அவ்வரிச்சுவடியின் முதலெழுத்தையே இந்நாடகம் ஓரிடத்தில் மறந்துவிட்டது.

அதே மறதி காந்தாவின் திறத்திலும் உண்டு. அப்பாத்திரத்தை எம். என். இராஜம் திறம்பட நடித்திருக்கின்றார். ஆனால், காந்தா அத்தொழிலுக்கு எப்படி வந்தாள் என்று கதை ஒரு கணமும் கேட்கவில்லை. கோவலனால் விடப்பட்ட மாதவியைத் துறவு பூணவைத்து உயர்த்திக் காட்டிய பெருந்தன்மை பண்டைக் காப்பியங்களுக்கே இருந்தது. தேவதாசி முறையை ஒழிக்க மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் போன்றோர் போராடி, 1947-ல் சென்னை மாகாணத்தில் சட்டமும் வந்தது. அதற்கு ஏழாண்டுகட்குப் பின் வந்த படத்தில், பரத்தை என்பவள் பொருள் பறிக்கும் பேயாகவே நிற்கின்றாள்.

மருத்துவம் கூறுவது

தொழுநோயைப் பற்றிய உண்மையை ஈண்டுச் சுருக்கமாகவேனும் எழுதாது விடுவது தகாது. 1873-ம் ஆண்டிலேயே நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் இந்நோய்க்குக் காரணமான நுண்ணுயிரைக் கண்டறிந்தார். இது பரத்தையர் உறவால் வரும் நோயன்று. பரம்பரையாக வருவதும் அன்று. மருத்துவம் செய்துகொள்ளாத நோயாளியோடு நீண்ட நாள் நெருங்கிப் பழகுவோருள் சிலருக்கு, மூச்சின் வழியே வெளிப்படும் நுண்துளிகளால் பரவும் என்பர். மக்களுள் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் இதனை எதிர்க்கும் வலிமை இயற்கையாகவே அமைந்துள்ளது. கிருமி நரம்பைத் தாக்குவதால் உணர்ச்சி மரத்துப் போகின்றது. உணர்ச்சியற்ற விரலில் சூடு பட்டாலும் முள் தைத்தாலும் தெரியாது. அப்புண்களே உறுப்புகளைச் சிதைக்கின்றன.

1940-களில் சல்போன் வகை மருந்துகள் பயனுக்கு வந்தன. அதாவது, மோகனசுந்தரம் திரையில் பிச்சையெடுத்துத் திரிந்த 1954-ல், அவனைக் குணப்படுத்தும் மருந்து உலகில் இருந்தது. 1981-ல் உலகச் சுகாதார நிறுவனம், பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறையைப் பரிந்துரைத்தது. ஆறு மாதமோ ஓராண்டோ மருந்துண்டால் இன்று நோய் முற்றும் நீங்கும். காலத்தில் கண்டால் விரல் ஒன்றும் மடங்காது.

நம் நாட்டுக்கு இச்செய்தியில் தனியே ஒரு தொடர்பு உண்டு. கோலாலம்பூருக்கு அணித்தாகிய சுங்கை பூலோவில் 1930-ம் ஆண்டு தொழுநோயாளர் குடியிருப்பு திறக்கப்பட்டது. ‘நம்பிக்கைப் பள்ளத்தாக்கு’ என்று அதற்குப் பெயர் வழங்கலாயிற்று. மிகுதியாக இருந்த காலத்தில் இரண்டாயிரம் பேருக்கு மேற்பட்டோர் அங்கு வாழ்ந்தனர். சீனர், மலாய்க்காரர், தமிழர் என எல்லா இனத்தாரும் அங்கிருந்தனர். பள்ளியும் கோயிலும் அங்கேயே எழுந்தன. ஆனால், அங்கே பிறந்த குழந்தைகள் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு, உறவினரிடமோ வளர்ப்போரிடமோ சேர்க்கப்பட்டனர். பிரிந்த பிள்ளைகள் சிலர் முதுமையில் தம் தாய் தந்தையரைத் தேடி அலைந்த செய்தியைப் பத்திரிகைகளில் படித்தோர் பலர் இருப்பர். மருந்து நோயை நீக்கிய பின்னும் ஊருக்குத் திரும்ப அஞ்சி அங்கேயே தங்கி மூத்தோரும் உண்டு. அவர்கள் அஞ்சியது கிருமியையா, நம் போன்றோர் எழுப்பிய இழுவைக் குரலையா என்பதை அன்பர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

தடை விடைகள்

இவ்விடத்தில் மூவகைத் தடைகள் எழக்கூடும்.

முதலாவது, “கதைக்குக் காலுண்டா? நோய் என்பது இங்கே ஓர் உவமை. உள்ளத்தின் அழுகலை உடலின் அழுகலாகக் காட்டினர். அதனைப் போய் மருத்துவ நூல்போல் ஆராய்வதா?” என்பது. உவமைக்கு எடுத்த பொருள் கல்லாகவோ மரமாகவோ இருந்தால் இவ்வாதம் நிற்கும். உயிருள்ள மனிதரின் நோயை உவமையாக எடுத்தால், உவமை அம்மனிதர் மேலேயே போய் ஒட்டிக்கொள்ளும். கடைக்காரர் பால்டின்னைத் தனியே எடுத்து வைத்தது உவமைக்காகவன்று.

இரண்டாவது, “அச்சம் காட்டினாலன்றிப் பாமர மக்கள் திருந்தார், நோய்க்கு அஞ்சியேனும் எத்தனையோ ஆடவர் தம் மனைவியரிடம் திரும்பியிருப்பர்” என்பது. இதே வாதத்தைத்தான் நரகத்தின் எண்ணெய்க் கொப்பரையைச் சுவரில் எழுதிய புராணிகரும் கூறினர். பொய்யச்சத்தால் நல்லொழுக்கம் வளருமென்றால், நரகத்தை நாம் ஏன் மறுத்தோம்? மேலும், அச்சத்தால் திருந்தியவன் அச்சம் நீங்கியதும் பழைய வழிக்கே போவான். மனைவியை இகழ்வது ஏன் தவறு என்பதை அவனுக்கு எவரும் சொல்லவில்லையே!

மூன்றாவது, “அக்காலத்தில் அறிந்தது அவ்வளவே, இன்றைய அறிவைக் கொண்டு அன்றைய படத்தை நிறுத்துப் பார்ப்பது நீதியா?” என்பது. இதுவே நேர்மையான தடை. நாடகம் எழுதப்பட்ட நாளில் புதிய மருந்துகளின் செய்தி ஊர்ப்புறங்களை எட்டியிராது என்பதை ஒப்புகின்றோம். அதன்பொருட்டு எழுதியவரையோ நடித்தவரையோ நாம் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை. இன்று அறிந்த பின்னும் நாம் வாய்மூடி இருந்தால், அக்குற்றம் நம்முடையதாகும்.

மேடை மாறும், திரை மாறாது

மேடையில் ஆடியது திரைக்குப் போகும்போது நேரும் ஓர் இழப்பையும் இங்குக் குறிக்க வேண்டும். இராதாவின் நாடகங்கள் நாள்தோறும் மாறின. அன்றைய செய்தியை அன்றைய வசனத்தில் கலந்து பேசுவதில் அவர் பேர்பெற்றவர். கூட்டத்தின் முகம் பார்த்துச் சொல்லைக் கூட்டுவார், குறைப்பார். இவ்விதம் நிலைத்த எழுத்துக்குள் அடங்காமல் பேசிய வாயைக் கண்டு ஆட்சியாளர் அஞ்சினர். 1954-ம் ஆண்டிலேயே சென்னை மாநிலத்தில் புதிய நாடகச் சட்டம் ஒன்று வந்ததற்கு இராதாவின் நாடகங்களே முதற் காரணம் என்பர்.

மேடையில், ஒரு மருத்துவர் எழுந்து, “ஐயா, இந்நோய் அவ்வாறு வருவதன்று” என்று கூறியிருந்தால், மறுநாள் நாடகத்தில் அதற்கும் ஒரு சொல் சேர்ந்திருக்கும் என்று நாம் நம்புகின்றோம். முருகன் இருந்த இடத்தில் ஒரு மருத்துவன் வந்து நின்றிருக்கலாம். மோகன் குணமடைந்து, மடங்கிய விரல்களோடும் தெளிந்த உள்ளத்தோடும் தான் செய்த தீங்கை உயிரோடிருந்தே நோக்க நேர்ந்திருக்கலாம். அதைவிடக் கடுமையான தண்டனை வேறேது? ஆனால், படச்சுருளில் பதிந்த சொல் பதிந்ததுதான். கலைஞர் மறைந்து விடுகின்றார். இராதா 1979-ல் மறைந்தார். படமோ 1954-ல் சொன்னதையே ஒவ்வோர் இரவும் சொல்லிக் கொண்டிருக்கின்றது. ஆகவே, மேடையில் நடிகன் செய்துவந்த திருத்தத்தைத் திரையின் முன் பார்ப்பவனே செய்துகொள்ள வேண்டியவனாகின்றான்.

சந்திராவின் உரிமை

இனி, படத்தின் முடிவைப் பற்றி ஒரு சொல். கணவன் உயிரோடிருக்க, மனைவி மற்றொருவனை மணப்பதை நல்லதென்று காட்டியது அக்காலத்தில் பெரும் புரட்சி. கல்லானாலும் கணவன் என்று பெண்ணுக்குக் கற்பித்த நாட்டில், கணவன் வாயினாலேயே அக்கற்பனையை உடைத்தெறிந்தது இப்படம். இந்தியாவில் இந்து திருமணச் சட்டம் வந்ததே அதற்கடுத்த 1955-ம் ஆண்டில்தான். இப்பெருமையை எவரும் மறுக்க முடியாது.

ஆயினும், கூர்ந்து நோக்கின் இங்கும் நோய் குறுக்கிடுகின்றது. சந்திராவுக்கு விடுதலை எப்போது கிடைக்கின்றது? கணவன் அவளை இகழ்ந்தபோது கிடைக்கவில்லை. காந்தா வீட்டில் கிடந்தபோதும் கிடைக்கவில்லை. அவன் நோயுற்று, மனமுவந்து, அவளை நண்பன் கையில் ஒப்படைத்த பின்னரே கிடைக்கின்றது. அவள் பெற்றது உரிமையன்று, கொடை. உடல்நலமும் செல்வமும் மிக்க கொடியவனிடமிருந்து பெண் விலகலாமா என்னும் கடினமான வினாவைக் கதை கேட்கவே இல்லை. நோயை இடையில் நிறுத்தி, அவ்வினாவை அது சுற்றிக்கொண்டு போய்விட்டது.

சட்டமும் இதே வழியில் சென்றதென்பது வியப்புக்குரியது. 1955-ம் ஆண்டுச் சட்டத்தில், தீராத தொழுநோய் மணமுறிவுக்கு ஒரு காரணமாகச் சேர்க்கப்பட்டது. மருந்து வந்து பல்லாண்டுகள் ஆன பின்னரும் அவ்விதி நின்றது. 2019-ம் ஆண்டில்தான் இந்திய நாடாளுமன்றம் அதனை நீக்கியது. பேரறிஞர் கூடி எழுதிய சட்டத்திலேயே அப்பிழை அறுபத்து நான்கு ஆண்டுகள் நின்றதென்றால், ஒரு நாடகத்தில் அது இருந்ததற்காக நாம் பெரிதும் நாணவேண்டுவதில்லை. சட்டம் திருந்திய பின்னும் நம் பேச்சு திருந்தாதிருந்தால் அதற்கு நாணலாம்.

சிலையின் அடியில்

இப்படத்தை யாரும் பார்க்கலாகாது என்று நாம் கூறவில்லை. வாய்ப்புள்ளோர் அனைவரும் பார்க்க வேண்டும். பிள்ளைகளையும் அருகில் இருத்திப் பார்க்க வேண்டும். இராதாவின் நடிப்பையும் வசனத்தின் வலிமையையும் அவர்கள் அறியட்டும். ஆனால், தொழுநோயாளனாக மோகன் திரையில் தோன்றும் இடத்தில், பெற்றோர் பிள்ளையிடம் இரண்டு சொல் கூற வேண்டும்: “தம்பி, இவன் செய்த தீங்கு வேறு, இவனுக்கு வந்த நோய் வேறு. தீங்கு இவன் செய்தது. நோய் எவருக்கும் வரும், மருந்தால் தீரும்.” மன்றங்களில் இப்படத்தைக் காட்டுவோர் தொடக்கத்தில் இதனை ஒருமுறை எடுத்துரைப்பது நன்று. உடலில் உணர்ச்சியற்ற தேமல் காணின் நாணாமல் மருத்துவரிடம் காட்டலாம் என்பதையும் சேர்த்துரைத்தால் இன்னும் நன்று.

தன் உருவத்தைச் சிலையாக்கி வைக்கும்படி மோகனசுந்தரம் வேண்டினான். அச்சிலையை நாம் இன்று நிறுவுவதாயின் எப்படி வடிப்பது? நோயுற்ற உருவில் வடித்தால், வழிப்போக்கர் சுங்கை பூலோவிலிருந்து திரும்பிய பெரியவரையே அதிற் காண்பர். கல்லெறிந்துவிட்டும் போவர். ஆதலின், நலமாக இருந்த நாளின் மோகனையே வடிப்போம். வெளிநாட்டு உடை அணிந்து, தாயின் சொல்லுக்கு முகம் திருப்பி, மனைவியை இகழ்ந்து நகைக்கும் நிலையில் அவன் அங்கே நிற்கட்டும். அவன் கைவிரல்கள் நேராகவே இருக்கட்டும்.

நம் லயத்துப் பெரியவர் மறைந்து நெடுநாளாயிற்று. அவரிடம் கேட்க வேண்டிய மன்னிப்பை அன்று நாம் கேட்கவில்லை. இவ்வெழுத்தையேனும் அதற்கு ஈடாக வைக்கின்றோம்.